கேஷ் வந்தது காசிலிருந்தா?

ஜவுளிக்கடையில் பில் போடுபவர் ‘கேஷா, கார்டா?’ என்று கேட்டால், ‘கேஷ் என்பதே நம் காசுதான், தெரியுமா?’ என்று சொல்ல வரிசையில் ஒருவராவது இருப்பார். நானும் பல வருடம் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். அதில் பாதி தவறு. மீதிப் பாதியில், சொன்ன எனக்கே தெரியாத ஓர் உண்மை இருந்தது.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் வழியே வந்தது. இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’, அதற்கு மூலமான லத்தீனில் ‘காப்ஸா’, பொருள், பெட்டி. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது கேஷ் என்றால் பணப்பெட்டி. பெட்டியின் பெயர் பிறகு உள்ளிருந்த பணத்துக்கு ஆகிவந்தது. நமக்கு இது புதிதல்ல. ‘படம் நன்றாகக் கல்லா கட்டியது’ என்றால் யாராவது மரப்பெட்டியையா நினைக்கிறார்கள்? மருந்துக்கடை கேப்ஸ்யூலும் அதே காப்ஸாவின் வாரிசு: குட்டிப் பெட்டி.

ஒலி ஒத்துப்போனதும் உறவு கொண்டாடுவது முதல் தவறு. அதற்கு முட்டுக்கொடுக்கப் பழமையைச் சாட்சிக்கு அழைப்பது அடுத்த தவறு. திருவீழிமிழலையில் ஞானசம்பந்தர் காசு கேட்டுப் பாடியது 7-ஆம் நூற்றாண்டில், சொல் பழையதுதான். வயதில் மூத்தவள் என்பதற்காக ஒருத்தி தாயாகிவிடுவாளா? அந்தச் சொல் யார் வாயில் ஏறி, எந்தக் கரைக்குப் போனது என்று காட்ட வேண்டும்.

அப்படிக் காட்ட முடிகிற இடமும் இருக்கிறது. ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று ஒரேயடியாகக் கைகழுவுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஆங்கில அகராதிகளில் இன்னொரு கேஷ் உண்டு: கீழைநாடுகளின் சில்லறை நாணயம். அது நம் காசேதான். போர்ச்சுகீசியர் அதைக் ‘காய்ஷா’ என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர் என்பதால் குழப்பத்துக்குக் கேட்கவே வேண்டாம். நடுவில் சதுரத் துளையிட்ட சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தனர். கம்பெனியார் காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1808-ஆம் ஆண்டின் செப்பு நாணயங்களில் ‘கேஷ்’ என்று ஆங்கிலத்திலேயே பொறித்திருந்தார்கள். அவற்றை இந்தியாவுக்கு ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது.

இன்றைய உச்சரிப்பை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. ஆங்கில எண் ‘வன்’ நம் ஒன்றிலிருந்து வந்தது என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. முன்னால் வகர ஒலி ஏறியது பல நூற்றாண்டுகள் கழித்து. அதே சொல்லிலிருந்து கிளைத்த ‘அலோன்’, ‘ஓன்லி’ இரண்டிலும் அந்த வகரம் இன்றும் இல்லை. ஜெர்மன் ‘ஐன்’தான் அதன் உடன்பிறப்பு.

எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. வங்கியில் இருப்பவர் கேஷியர். ராணுவத்தில் ஓர் அதிகாரியைக் ‘கேஷியர்’ செய்தார்கள் என்றால் அவமானப்படுத்திப் பதவியைப் பறித்தார்கள் என்று பொருள். இது டச்சு மொழி வழியே வந்த வேறு சொல். பணத்தோடும் பெட்டியோடும் தொடர்பில்லாதது. இதைப் படித்தபோது, கையாடல் செய்த காசாளர் ஒருவரை என்றோ துரத்தியிருப்பார்கள் என்று எனக்கே ஒரு கதை உடனே தோன்றியது.