ஹட்டன் மழையும் பதுளை மழையும் ஒரே வரைபடத்தில்: எஸ்பிஎஸ்எஸ் செய்முறை

தென்மேல் பருவத்தில் ஹட்டன், வட்டவளைப் பக்கம் மழை கொட்டும்; அதே நேரம் பதுளை, பண்டாரவளையில் கச்சான் என்ற வறண்ட காற்றுதான். இந்த இரண்டு ஊரும் உள்ள ஊவாவுக்கு நல்ல மழை ஒக்டோபருக்குப் பிறகு. இதை ஒப்படையில் காட்ட நான்கு தனிப்படம் ஒட்டாதீர்கள், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் நான்கு ஊரின் கோடுகளையும் ஒரே படத்தில் போடுங்கள்.

எக்செல்லில் ஊருக்கு ஒரு நிரல் என்று வைத்திருப்பீர்கள். அப்படியே வரையவும் வழி உண்டு, ஆனால் நான் முதலில் நீளவாக்கில், அதாவது எல்லா ஊரின் மழையும் ஒரே நிரலில் கீழ்க்கீழாக வரும்படி, மாற்றிவிடுவேன். டேட்டா → ரீஸ்ட்ரக்சர் போய், நிரல்களைக் கேஸ்களாக்கும் (வரிகளாக்கும்) முதல் தெரிவை எடுங்கள். மாதத்தையும் ஆண்டையும் 'ஃபிக்ஸ்ட்' பெட்டியில் போடுங்கள். இன்டெக்ஸ் கேட்கும்போது வேரியபிள் பெயர்களைக் கொடுத்தால் ஊர்ப்பெயர்கள் தானாக வந்துவிடும். பழைய கோப்பின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிராப்ஸ் → லெகசி டயலொக்ஸ் → லைன் → மல்டிபிள். கேட்டகரி அக்சிஸில் மாதம், டிஃபைன் லைன்ஸ் பையில் ஊர்.

ஆளை அலைக்கழிக்கும் இடம் இனித்தான். அப்படியே ஓகே கொடுத்தால் நான்கு ஊர் இருந்தும் படத்தில் கிடையாக ஒரே ஒரு கோடுதான் தெரியும். தரவு தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 'லைன்ஸ் ரெப்ரசன்ட்' என்ற இடத்தில் 'என் ஒஃப் கேசஸ்' தெரிவாகியிருக்கும். அதாவது அது மழையை வரையவில்லை, எத்தனை பதிவு இருக்கிறது என்று எண்ணி வரைகிறது. ஐந்து ஆண்டுத் தரவு என்றால் எல்லா ஊருக்கும் எல்லா மாதமும் 5, ஆகவே நான்கு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கிடக்கும். 'அதர் ஸ்டாட்டிஸ்டிக்' தெரிவுக்கு மாற்றி மழைவீழ்ச்சியைப் பெட்டிக்குள் தள்ளுங்கள், மாதச் சராசரி வரும்.

கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுப்பவர்கள் நிறத்தை நம்பாதீர்கள். படத்தை இரட்டைக் கிளிக் செய்து, லெஜென்டில் ஊரைத் தொட்டு, ப்ரொப்பர்டீஸில் ஊவா ஊர்கள் இரண்டுக்கும் புள்ளிக்கோடு கொடுங்கள்.

என் ஓட்டு 'ஆர்' (R) என்ற நிரல்மொழிக்கும் அதில் வரைபடம் வரையும் ஜிஜிபிளொட்2 (ggplot2) பொதிக்கும்தான், இரண்டு வரியில் முடியும். ஆனால் வளாகத்தில் எஸ்பிஎஸ்எஸ்தானே கேட்கிறார்கள்!

பின்சேர்க்கை: கோடு தாறுமாறாக ஏறி இறங்குகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மாதத்தை ஆங்கில எழுத்தில் அடித்திருப்பீர்கள், அது அகரவரிசைப்படி ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று அடுக்கிவிடும். மாதத்தை 1 முதல் 12 வரை எண்ணாகப் போட்டு, வேரியபிள் வியூவில் வெல்யூஸ் நிரலில் பெயர் கொடுங்கள். 'ஆர்' மொழியிலும் இதே வில்லங்கம் உண்டு.