எச்சிலில் இருந்து டி.என்.ஏ.: பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு பரிசோதனை

மட்டக்களப்பில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் அறிவியல் வகுப்புக்கு ஆரையம்பதித் தமிழ்ப் பிள்ளைகளும் காத்தான்குடி முஸ்லிம் பிள்ளைகளும் வருகிறார்கள். போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கிப் பிள்ளைகளும் உண்டு. ஒட்டிய ஊர்கள்தான், ஆனால் படிப்பது வேறு வேறு பாடசாலைகளில். மனிதர்கள் எதில் வேறுபடுகிறார்கள், எதில் ஒத்துப்போகிறார்கள் என்பதை வாயால் சொல்லிக்கொடுப்பதைவிட அவர்கள் கையாலேயே கண்டுபிடிக்க விடுவது நல்லது.

முதலில் விரல் ரேகை. வெள்ளைத் தாளில் 2பி பென்சிலால் நன்றாகத் தேய்த்து, அந்தக் கரியில் விரலை உருட்டி, செலோடேப்பில் ஒற்றிக் கொப்பியில் ஒட்டுங்கள். முத்திரை மை வேண்டாம், அப்பிக்கொள்ளும். வில், கண்ணி, சுழி என மூன்று வகை தெரியும். கண்ணிதான் அதிகம் பேருக்கு. ஒரே உருவ இரட்டையருக்குக்கூட ரேகை ஒன்றாக இருக்காது.

அடுத்தது டி.என்.ஏ., அதாவது உடலின் கலங்களுக்குள் (செல்களுக்குள்) இருக்கும் பரம்பரைப் பொருள். ஸ்பிரிட்டை (மருந்துக்கடை அற்ககோல்) முதல் நாளே மூடியோடு பிரிட்ஜில் வையுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி கொடுங்கள். பிள்ளை ஒரு நிமிடம் கொப்பளித்து, கன்னத்தின் உட்பக்கத்தைப் பற்களால் மெல்ல உரசி, தன் போத்தலில் துப்ப வேண்டும். அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு, நுரை வராமல் கலக்குங்கள். கன்னத்தில் இருந்து உரசி வந்த கலங்களைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலத்தை அது உடைத்துவிடும்.

இனி ஸ்பிரிட். பலருக்குப் பிழைக்கும் இடம் இதுதான். மேலிருந்து ஊற்றினால் இரண்டும் கலந்து கலங்கல்தான் மிஞ்சும். போத்தலைச் சரித்துப் பிடித்து, உள்சுவரோடு வழிய விடுங்கள். கரண்டியால் சரிவராது, பார்மசியில் கிடைக்கும் ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்சைத்தான் நான் சிபாரிசு செய்வேன். துப்பிய நீர் எவ்வளவோ அவ்வளவு ஸ்பிரிட். மேலே தெளிவாகத் தனிப்படையாக நிற்க வேண்டும். பிறகு போத்தலை அசைக்காதீர்கள். சில நிமிடங்களில் இரண்டு படைக்கும் நடுவில் வெள்ளை இழைகள் எழும், அதுதான் டி.என்.ஏ. பின்னால் கறுப்புத் தாள் பிடித்தால் நன்றாகத் தெரியும். புரதமும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஸ்பிரிட் தீப்பற்றும், பெரியவர்தான் கையாள வேண்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக்கூடாது.

போத்தல்களில் பெயர் எழுதாதீர்கள், ஊரும் எழுதாதீர்கள். அடியில் இலக்கம் மட்டும் ஒட்டி, எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்து, "உன்னுடையது எது?" என்று கேளுங்கள். குனிந்து குனிந்து பார்ப்பார்கள், ஒருவராலும் சொல்ல முடியாது. எந்த இரண்டு மனிதருக்கும் டி.என்.ஏ. ஏறக்குறைய 99.9 வீதம் ஒன்று என்பதை அப்போது சொன்னால் மனதில் நிற்கும்.

நிறத்தைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். "கறுவல்" என்று கேலிபட்ட பிள்ளை அங்கே இருக்கலாம், அதனால் அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள். தோலில் மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்யும் கலங்கள் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கின்றன. அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும்தான் மாறுகின்றன. வெயிலில் இருந்து தோலைக் காப்பது அதன் வேலை.

பிற்சேர்க்கை: நோன்பு காலத்தில் கொப்பளிக்கச் சொல்லலாமா என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். வேண்டாம். நோன்பு பிடித்த பிள்ளைகள் இருந்தால் அன்று எல்லோருக்கும் விரல் ரேகையை மட்டும் செய்யுங்கள். பழுத்த பப்பாசியை மசித்து உப்புத் தண்ணீரில் கரைத்து வடித்து, அதே போலத் திரவமும் ஸ்பிரிட்டும் விட்டால் அதிலும் இழை வரும், ஆனால் "உன்னுடையது எது?" என்று கேட்க முடியாது. எச்சில் பரிசோதனையைப் பெருநாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.