பழைய ஹைபிரிட் கார் பேட்டரியை வீட்டிலேயே தேற்றுவது எப்படி

டொயோட்டா ப்ரியஸ் 2010-இல் இந்தியாவுக்கு வந்தது. கேம்ரி ஹைபிரிட் 2013-இல் வந்தது. அந்தக் காலத்து வண்டிகள் இப்போது சென்னையில் இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறியிருக்கின்றன. இந்தக் குறிப்பு அவற்றில் இருக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்கு மட்டுமே. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஹைபிரிட் ஆகியவற்றில் இருப்பது லித்தியம். அதை வீட்டில் பிரிக்கவே கூடாது. தப்பாகச் சார்ஜ் ஏறினால் தீப்பிடிக்கும். வாரண்டி பாக்கியிருக்கும் வண்டியிலும், வெள்ளத்தில் முழுகிய வண்டியிலும் கை வைக்காதீர்கள். 2015, 2023 டிசம்பர் மழையில் தண்ணீர் புகுந்த வண்டிகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. சீட்டுக்கு அடியில் சேற்றுக் கோடு தெரிந்தால் அந்த பேட்டரியைத் தேற்றப் பார்ப்பது வீண் வேலை.

பேட்டரிப் பெட்டிக்குள் இருப்பது தட்டையான மாட்யூல்களின் வரிசை. ஒவ்வொரு மாட்யூலிலும் 6 செல். மாட்யூலின் பெயரளவு அழுத்தம் 7.2 வோல்ட், கொள்ளளவு 6.5 ஆம்பியர்-மணி. ப்ரியஸில் 28 மாட்யூல், மொத்தம் 201.6 வோல்ட். கேம்ரியில் 34, மொத்தம் 244.8 வோல்ட். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. அதனால் ஒரே ஒரு செல் செத்தாலும் வண்டி முழு பேட்டரியையும் மாற்றச் சொல்லும். பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டு மூன்று மாட்யூல்தான். அவற்றைக் கண்டுபிடித்து மாற்றுவதும், மற்றவற்றைச் சம நிலைக்குக் கொண்டுவருவதும்தான் இங்கே செய்யப்போகும் வேலை. வயதான செல்லைப் புதிதாக்க எந்த வழியும் இல்லை. அப்படிச் சொல்லி விற்கும் மருந்து, பொடி எதையும் வாங்காதீர்கள்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

முதலில் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். ப்ரியஸிலும் கேம்ரியிலும் அது டிக்கியில் இருக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் நல்லது. 12.2-க்குக் கீழே இருந்தால் அதை முதலில் சார்ஜ் செய்யுங்கள், நிற்காவிட்டால் மாற்றுங்கள். அது பலவீனமானால் டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகளெல்லாம் எரியும், பழி பெரிய பேட்டரி மேல் விழும்.

அடுத்து ஃபேன். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் சீட்டை ஒட்டிய ஜன்னல் போன்ற துளை வழியாக, வண்டிக்குள்ளிருந்துதான் போகிறது. நம் ஊர்ப் புழுதியும், சீட் துணியின் பஞ்சும், நாய் முடியும் அதில் போய் ஃபேன் இறக்கையில் கம்பளி போலப் படியும். ஃபேனைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷாலும் வேக்குவம் கிளீனராலும் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, சித்திரை பிறக்கும் முன்பே இதைச் செய்துவிட்டால் நல்லது. அக்னி நட்சத்திர வெயிலில் மூடிக் கிடந்த வண்டிக்குள் காற்றே கொதிக்கும். அந்தக் காற்றுதான் பேட்டரிக்கும் போகிறது. கிளம்பும்போது கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, பிறகு ஏசி போடுங்கள். பின் சீட்டில் பையோ துணி மூட்டையோ துளையை அடைக்கக் கூடாது. கிண்டி, வடபழனி நெரிசலில் நிற்கும்போது கியரை நியூட்ரலில் போடும் பழக்கத்தையும் விடுங்கள். நியூட்ரலில் இந்த வண்டிகள் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது, ஏசியோ அதைத் தின்றுகொண்டே இருக்கும்.

மூன்றாவது, அளவீடு. வண்டியின் கணினியைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவியையும், டாக்டர் ப்ரியஸ் போன்ற மொபைல் செயலியையும் வைத்துக்கொண்டால் இரண்டிரண்டு மாட்யூலாகச் சேர்ந்த ஒவ்வொரு பிளாக்கின் வோல்ட்டேஜும் தெரியும். ப்ரியஸில் 14 பிளாக், கேம்ரியில் 17. வண்டி நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், அதை நம்பாதீர்கள். ஏசி போட்டு, வேகம் எடுக்கும்போது பாருங்கள். எல்லாப் பிளாக்கும் சேர்ந்து இறங்கினால் கவலையில்லை. ஒன்று மட்டும் 1 வோல்ட்டுக்கு மேல் தனியாக விழுந்தால் அதில் ஒரு செல் செத்திருக்கிறது. பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு வருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

உயிர் விஷயம்

200 வோல்ட் நேர் மின்சாரம் ஆளைக் கொல்லும். தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், ஆனால் அவர் எதையும் தொட வேண்டாம். மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றுங்கள். 1000 வோல்ட் தாங்கும் கிளாஸ் 0 ரப்பர் கையுறை கட்டாயம். அணியுமுன் அதன் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்துப் பாருங்கள். காற்று கசிந்தால் அதில் ஊசித்துளை இருக்கிறது, தூக்கிப் போடுங்கள். சென்னை வியர்வை கையுறைக்குள் குளம்போல் தேங்கும், அதனால் உள்ளே ஒரு மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேனர், சாக்கெட் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். மல்டிமீட்டர் கேட் 3, 600 வோல்ட் தரத்தில் இருக்க வேண்டும். ரிச்சி தெருவில் கேட்டு வாங்கலாம். நடைபாதையில் விற்கும் மஞ்சள் மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

வண்டியை அணைத்து, சாவியை வீட்டுக்குள் தூரமாக வையுங்கள். 12 வோல்ட்டின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ப்ரியஸின் டிக்கிப் பூட்டு மின்சாரத்தில் இயங்குவது. கழற்றிய பின் கதவை மூடிவிட்டால் உள்ளே ஊர்ந்து போய்த்தான் திறக்க வேண்டியிருக்கும். பிறகு பேட்டரிப் பெட்டியில் இருக்கும் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 10 நிமிடம் காத்திருங்கள், வண்டியின் இன்வெர்ட்டரில் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கப்பாசிட்டர் வடிய அந்த நேரம் வேண்டும். வெளியே போகும் ஆரஞ்சு கேபிள்களில் மீட்டர் சுழி காட்டிய பிறகே கழற்றுங்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பிளக்கை எடுத்தால் பேட்டரி செத்துவிடாது. வரிசை இரண்டாக அறுபடுகிறது, அவ்வளவுதான். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாதியும் இன்னும் ஆபத்தானதே. மாட்யூல்களை ஒன்றோடொன்று இணைக்கும் உலோகப் பட்டைகளான பஸ்பார்களைக் கழற்றும்வரை கையுறையும் கழலக் கூடாது.

பெட்டியின் எடை சுமார் 40 கிலோ. இரண்டு பேர் தூக்குங்கள்.

பிரித்தல்

மூடியைத் திறந்ததும் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். மாட்யூல்களுக்கு அழியாத மார்க்கரில் 1, 2, 3 என எண் எழுதுங்கள். பாசிட்டிவும் நெகட்டிவும் மாறி மாறி வருமாறு அவை அடுக்கப்பட்டிருக்கும். திரும்பப் போடும்போது ஒன்று தலைகீழானாலும் பெரிய தீப்பொறி வரும். பஸ்பார் நட்டுக்கு 8 எம்எம் சாக்கெட்.

திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் ஓடிய வண்டியானால் செம்புப் பஸ்பார்களில் பச்சையும் கருப்பும் ஏறியிருக்கும். அந்தக் கறையே தடையாகி, நல்ல மாட்யூலையும் கெட்டதாகக் காட்டும். பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். உப்பு மிஞ்சினால் முன்பைவிட வேகமாகக் கறுக்கும். வெள்ளி நிறத்தில் நிக்கல் முலாம் பூசியவற்றைச் சுரண்டாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மாட்யூல் முனையில் வெள்ளைப் பொடி தெரிந்தால் உள்ளிருக்கும் திரவம் கசிந்திருக்கிறது. அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போடும் சோடா மாவு இதற்கு வேலை செய்யாது. வினிகர் நனைத்த துணியால் துடையுங்கள். தோலில் பட்டால் வினிகர் வேண்டாம், குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கசிந்த மாட்யூலைத் திரும்பச் சேர்க்காதீர்கள்.

சல்லடை

ஒரு நாள் ஆறவிட்டு ஒவ்வொன்றின் வோல்ட்டேஜையும் எழுதுங்கள். நல்லவை 7.6 முதல் 8 வரை காட்டும். கூட்டத்தில் ஒன்று மட்டும் 1.2 வோல்ட் போலக் குறைந்து 6.5 அருகே நின்றால் ஒரு செல் போய்விட்டது, ஒதுக்குங்கள். அடுத்து 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பை ஒவ்வொன்றிலும் 2 நிமிடம் எரியவிட்டு, முடிவில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சேர்ந்து இறங்குபவை இருக்கட்டும், சட்டென்று விழுவதை ஒதுக்குங்கள். மூன்று மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஏற்றி இறக்குதல்

பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஐமேக்ஸ் பி6 போன்ற, ரிமோட் பொம்மைக் கார்களுக்கான (ஆர்சி) சார்ஜர் போதும். வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, ஏற்றும் வேகம் 4 முதல் 5 ஆம்பியர், கொள்ளளவு வரம்பு 7200 மில்லி ஆம்பியர்-மணி, இறக்கும்போது நிறுத்தும் வோல்ட்டேஜ் 6.0. வேகத்தை 2 ஆம்பியருக்குக் குறைத்தால் பேட்டரிக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் நிரம்பியதும் வோல்ட்டேஜ் லேசாகச் சரிவதை வைத்துத்தான் சார்ஜர் நிற்கிறது. மெதுவாக ஏற்றினால் அந்தச் சரிவு தெரியாமல் ஏறிக்கொண்டே போகும். 6 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் பலவீனமான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகிக் கெடும்.

அந்தச் சார்ஜர் 5 வாட்டுக்கு மேல் இறக்காது. அதாவது 0.7 ஆம்பியர். ஒரு மாட்யூலை இறக்கவே 9 மணி நேரம், ஏற்றவும் ஆறவும் சேர்த்தால் சுற்றுக்குப் பதினொன்றரை மணி. 28 மாட்யூலுக்கு மூன்று சுற்று என்றால் ஒரே சார்ஜரில் 40 நாள் ஆகும். நான்கு சார்ஜர், ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளை வாங்கினால் பத்து நாளில் முடியும்.

மாட்யூல்களைத் தனியே வைத்து ஏற்றாதீர்கள். பக்கவாட்டில் உப்பும், உப்பினால் உள்ளே தகடு விலகும். பஸ்பாரை மட்டும் எடுத்துவிட்டு, இரும்புச் சட்டத்தில் இறுக்கியபடியே ஏற்றுவது எளிது. மேலே டேபிள் ஃபேன் ஓடட்டும். சூடு 45 டிகிரி தாண்டினால் நிறுத்துங்கள். மே மாதப் பகலில் ஏற்ற வேண்டாம், இரவில் ஏற்றுங்கள். ஹைட்ரஜன் வெளியேறலாம், அதனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. கரண்ட் போய் வந்தால் சார்ஜர் கணக்கை மறந்துவிடும், நிரம்பிய மாட்யூலுக்கு மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

230 வோல்ட்டை டயோடு வழியாக நேராக முழு பேட்டரிக்கும் ஏற்றும் காணொளிகள் உலவுகின்றன. டிரான்ஸ்ஃபார்மர் தனிமைப்படுத்தல் இல்லாத அந்த முறையில் பேட்டரி முழுக்க மெயின் கரண்டோடு ஒட்டி நிற்கும். அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாம் சுற்றில் இறங்கிய அளவைப் பாருங்கள். 5500 மில்லி ஆம்பியர்-மணிக்கு மேல் என்றால் மிக நல்லது. 4500 வரை ஓடும். 4000-க்குக் கீழே மாற்ற வேண்டும். பிறகு எல்லாவற்றையும் நிரப்பி, பத்து நாள் சும்மா விடுங்கள். மற்றவற்றைவிட 0.2 வோல்ட் அதிகம் இறங்கியது, கொள்ளளவு எவ்வளவு காட்டியிருந்தாலும் வேண்டாம். தானே வடியும் மாட்யூல்தான் மறுபடி முதலில் எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும். பலர் அவசரத்தில் தாண்டிவிடுவது இந்தப் பத்து நாளைத்தான்.

மாற்று மாட்யூலைப் புதுப்பேட்டையில் தேடினால் மீட்டரும் ஹெட்லைட் பல்பும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே சோதித்து வாங்குங்கள். உப்பியதை வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதற்கும் மூன்று சுற்று உண்டு. மற்றவற்றின் கொள்ளளவுக்கு அருகில் இருக்க வேண்டும். மிகப் புதியதும் பழையதும் ஒரே வரிசையில் ஒத்துப்போகாது.

திரும்பக் கோத்தல்

எல்லா மாட்யூலும் ஒன்றுக்கொன்று 0.1 வோல்ட்டுக்குள் வந்ததும், பாசிட்டிவை பாசிட்டிவோடும் நெகட்டிவை நெகட்டிவோடும் இணையாக ஒரு நாள் கட்டி வையுங்கள். அடுக்கும்போது வலுவானவை நடுவில் வரட்டும், சூடு அதிகம் தங்குவது அங்கேதான். நட்டின் முறுக்கம் 5.4 நியூட்டன் மீட்டர். சக்கர நட்டுக்கான டார்க் ஸ்பேனர் அவ்வளவு கீழே வராது, சின்னது வேண்டும். கூட இறுக்கினால் முனை பிளாஸ்டிக்கோடு கழன்று வரும், மாட்யூல் வீண். தளர்ந்தால் சூடேறி உருகும்.

மூடும்முன் கையுறையோடு மொத்த வோல்ட்டேஜைப் பாருங்கள். ப்ரியஸில் 220 அருகே, கேம்ரியில் 268 அருகே வர வேண்டும். சர்வீஸ் பிளக்கைச் செருகி, கைப்பிடியை நிமிர்த்தி, கடைசியாகப் பக்கவாட்டில் தள்ளிப் பூட்டுங்கள். அந்தக் கடைசித் தள்ளல் விட்டுப்போனால், வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு டேஷ்போர்டில் வராது. எல்லாம் வீணாகிவிட்டது என்று பதறி மறுபடி பிரிப்பவர்கள் உண்டு, அதனால் முதலில் பிளக்கைப் பாருங்கள்.

பிழைக் குறியீட்டை அழித்து, முதல் வாரம் தினமும் ஓட்டி, செயலியில் பிளாக் வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் நின்றால் சரி. பிறகு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். வெளியூர் போய் வண்டி நிற்க நேர்ந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாரையாவது ரெடியில் போட்டு அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள்.

ஒதுக்கிய மாட்யூல்களைக் காயலான் கடையில் போடாதீர்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் அவை போக வேண்டும். கொடுக்கும்வரை முனைகளில் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத நிழலில் வையுங்கள்.