வீடியோ போக்கரில் அரிய கைகளின் வாய்ப்பைக் கணக்கிடும் முறை

வீடியோ போக்கர் என்பது இயந்திரத்தில் ஆடும் சீட்டுப் பந்தய ஆட்டம்; ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் ஐந்து சீட்டுகளின் தொகுப்பே ஒரு 'கை'. 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஐந்து சீட்டுகளை 25,98,960 விதங்களில் எடுக்கலாம். அவற்றுள் நான்கு மட்டுமே ராயல் ஃபிளஷ் (ஒரே இனத்தின் 10, ஜாக், குயின், கிங், ஏஸ்) என்பதால், முதல் பகிர்விலேயே அது அமையும் வாய்ப்பு 6,49,740-இல் ஒன்று. இந்த எண் ஆட்டக்காரருக்கு அதிகம் உதவாது, ஏனெனில் வேண்டாத சீட்டுகளை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்பதே இந்த ஆட்டத்தின் அடிப்படை.

ஆகவே சீட்டு மாற்றும் கட்டத்திலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள். கையில் வந்த ஐந்தும் தெரிந்துவிட்டதால் எஞ்சியிருப்பவை 47. ராயல் ஃபிளஷுக்கு ஒரு சீட்டு மட்டும் குறைந்தால் வாய்ப்பு 47-இல் ஒன்று. இரண்டு குறைந்தால், 47-ஐ 46-ஆல் பெருக்கி இரண்டால் வகுக்கக் கிடைக்கும் 1,081 வழிகளில் ஒன்றே பொருந்தும் என்பதால், வாய்ப்பு சட்டெனச் சரிந்துவிடுகிறது. இதே முறையில், ஒரே மதிப்புள்ள மூன்று சீட்டுகளை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை மாற்றினால் நான்காவது வந்து சேரும் வாய்ப்பு 1,081-இல் 46, அதாவது ஏறத்தாழ 23.5-இல் ஒன்று, ஜோடியை மட்டும் வைத்து மூன்றை மாற்றினால் ஒரே மதிப்பில் நான்கும் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 360-இல் ஒன்று.

'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' (குறைந்தது ஜாக் ஜோடி இருந்தால் பணம் தரும்) வகையில், ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்பில் மூன்றும் ஒரு ஜோடியும்) பந்தயத்தைப் போல் 9 மடங்கு, ஃபிளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) 6 மடங்கு தரும் இயந்திரத்தில் பிழையின்றி ஆடினால், ராயல் ஃபிளஷ் சராசரியாக ஏறத்தாழ 40,000 கைகளுக்கு ஒருமுறையும், நான்கு ஒரே மதிப்புச் சீட்டுகள் 423 கைகளுக்கு ஒருமுறையும் அமையும். சராசரியைத் தவணை என்று எண்ணிவிட வேண்டாம்: 40,000 கைகள் ஆடிய பின்னும் ராயல் ஃபிளஷைக் காணாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 37 சதவீதம், அதன் பிறகு வரும் கைக்கும் வாய்ப்பு சிறிதும் கூடுவதில்லை.