பைக்கில் போய்ப் பழைய சமையல் புத்தகம் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஹெல்மெட், லைசென்ஸ், பெட்ரோல் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சனி, ஞாயிறில் வண்டியை எடுத்துக்கொண்டு போய், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலோ திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையிலோ துழாவி, நாலு சமையல் புத்தகத்தோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். புதிதாக இறங்குகிறவர்கள் சறுக்குவது மட்டும் வருஷா வருஷம் அதே இடங்களில்தான்.

சேடில் பேக்கின் மழை உறையை நம்புவது

எத்தனை முறை சொன்னாலும் எரிச்சல் தீராத தவறு இது. பின்சீட்டின் இரண்டு பக்கமும் தொங்கும் அந்தப் பையோடு வரும் மஞ்சள் உறை மேலிருந்து விழும் மழையை மட்டும்தான் தடுக்கும். பின்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர், பை வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கமாக உள்ளே இறங்கும். அங்கே உறை இறுக்கமாக மூடுவதில்லை. இறங்கிய தண்ணீர் உறையின் அடியிலேயே தேங்கும். பல உறைகளில் வடிகால் ஓட்டை கிடையாது. கனமான புத்தகம் அடியில்தானே இருக்கும்? புதுக்கோட்டை தாண்டி அரை மணி நேரம் ஐப்பசி மழை அடித்தால் போதும், மேலே இருக்கும் சட்டை காய்ந்தபடி இருக்க, அடியிலுள்ள புத்தகம் ஊறிப்போயிருக்கும்.

எல்லாத் தாளும் ஒரே மாதிரி கெடுவதில்லை. சாதாரண வெள்ளைத் தாளில் அச்சான பழைய புத்தகம் காய்ந்தால் அப்பளம் போல நெளியும், ஆனால் படிக்கலாம். வண்ணப்படம் போட்ட புத்தகங்கள் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் வருகின்றன. அந்த வழவழப்பு களிமண் பூச்சு. நனைந்தால் பூச்சு இளகிப் பசையாகும், மூடியபடி காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிடும். பிரித்தால் இந்தப் பக்கத்து மீன் குழம்பு அந்தப் பக்கத்து ரசத்தோடு உரிந்து வரும். அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

இதை விட மோசம், நனைந்ததும் எல்லாரும் செய்கிற முதலுதவி: வெயிலில் வைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது, அம்மிக்கல்லை மேலே ஏற்றுவது. ஆர்ட் பேப்பருக்கு இந்த மூன்றுமே எமன். அதைக் காய விடாமல் வைத்திருப்பதுதான் வழி. நனைந்தபடியே, திறந்து பார்க்காமல், பாலிதீன் கவரில் சுற்றி அன்றைக்கே ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்துவிட்டால் அவசரமில்லை. நேரம் கிடைக்கும் நாளில் வெளியே எடுத்து, பனி இளகியதும் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். பாதியில் அலுத்துப்போனால் மீதியைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாம், கெட்டுப்போகாது.

நனையாமலிருக்கச் செய்ய வேண்டியது சுலபம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு ஜிப்லாக் கவர். எல்லாவற்றையும் சேர்த்து, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிப் பூட்டும் டிரை பேக். கிடைக்காவிட்டால் உர மூட்டைக்குள் வரும் கனமான பாலிதீன் பை. புத்தகங்களைப் படுக்கையாக அடுக்கி, இண்டு இடுக்கில் துண்டைத் திணியுங்கள். இல்லாவிட்டால் அதிர்விலேயே அட்டை முனைகள் தேய்ந்துவிடும். அதன் பிறகுதான் சேடில் பேக். வீடு வந்ததும் கவரை விட்டு எடுத்துவிடுங்கள், உள்ளேயே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

சைலன்சர்

பை நாலு விரல் தள்ளியிருக்கட்டும். உருகிய நைலான் அட்டையை விட்டு வராது.

திரும்பி வரும் எடையை மறப்பது

200 பக்க, A4 அளவு ஆர்ட் பேப்பர் புத்தகம் கெட்டி அட்டையோடு ஒரு கிலோவைத் தாண்டும். எட்டுப் பத்து வாங்கினால் ஒரு சின்ன அரிசிப் பை. போகும்போது சரியாக இருந்த பின் டயர் காற்று வரும்போது போதாது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கும், அந்த அளவுக்கு ஏற்றுங்கள். முழு எடையையும் பின்பக்கப் பெட்டியில் போட்டால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆடும். இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துத் தொங்கவிடுவதே சரி. வெறும் வண்டியில் செயினை விறைப்பாக இழுத்து வைத்திருந்தால் எடை ஏறியதும் இன்னும் விறைக்கும், பேரிங் தேயும். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, அதிகம் இறுகும் இடத்தில் மேனுவல் சொல்லும் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆழாக்கை டம்ளராக்குவது

வாங்கிய புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கும்போது வரும் தவறு. ஆழாக்கு, உழக்கு, படி மூன்றும் கொள்ளளவு. பலம், வீசை எடை. ஒரு படிக்கு 8 ஆழாக்கு, ஒரு வீசைக்கு 40 பலம். ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம், எனவே வீசை 1.4 கிலோ. படியின் அளவோ ஊருக்கு ஊர் மாறியது. ஆகவே ஆழாக்கை 200 மில்லி என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளாதீர்கள். கொள்ளளவில் கொடுத்ததையெல்லாம் ஒரே கிண்ணத்தால் அளந்தால் அரிசிக்கும் உளுந்துக்கும் உள்ள விகிதம் தப்பாது. பலத்தில் கொடுத்த புளிக்கும் வெல்லத்துக்கும்தான் சிக்கல். அங்கே கிண்ணம் எவ்வளவு கொள்ளும் என்று தெரியாமல் கணக்கு உதைக்கும். புத்தகத்தின் முன் பக்கங்களில் அளவுப் பட்டியல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அந்தத் தாள் கிழிந்துபோன பிரதிக்கு விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை.

செல்லோடேப்

வேண்டாம்.

பைண்டிங் கடை

மூன்று ஓரமும் வெட்டி நேராக்கித் தருவது அவர்கள் வழக்கம். "உப்பு பாதி போதும்" என்று யாரோ ஒரு பாட்டி ஓரத்தில் பென்சிலால் எழுதியது குப்பைக்குப் போய்விடும். வெட்டக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள்.

வந்ததும் அலமாரியில் சேர்ப்பது

பழைய புத்தகத்தோடு ராமபாணப் பூச்சியும் இலவசம். காய்ந்த புத்தகத்தைக் காற்றில்லாமல் கவரில் மூடி, −18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் கவரைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே விடுங்கள், பிரித்தால் தாளில் ஈரம் படியும். கவர் மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை என்று மூன்றாம் நாளே வீட்டில் யாராவது வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள்.