மரத்தரை பதிப்பதற்கு முன் வீட்டைத் தயார் செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மரம் புதிய பொருள் அல்ல. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் மாடிகளில் பலகைத் தளத்தின் மேல் நடந்து பார்த்திருக்கிறோம். தேக்கும் அயனியும் பலாவும் கொண்டு மச்சு அடித்த பழைய வீடுகள் இன்றும் பல ஊர்களில் உறுதியாக நிற்கின்றன. இந்தப் பழக்கமே, புதிய வீட்டின் சிமெண்ட் தளத்தின் மேல் மரத்தரை பதிக்க நினைக்கும்போது நம்மைத் தவறான துணிவுக்குக் கொண்டுசெல்கிறது என்பது என் கருத்து. மச்சுப் பலகை உத்திரங்களின் மேல் கிடக்கிறது. அதற்கு மேலும் கீழும் காற்று உண்டு, ஆகவே மழைக்காலத்தில் வாங்கிய ஈரத்தை இரு பக்கமும் விட்டுவிடுகிறது. சிமெண்ட் தளத்தில் பதித்த பலகைக்குக் கீழ்ப்பக்கம் அடைபட்டுவிடுகிறது. கீழிருந்து ஏறும் ஈரம் போவதற்கு வேறு வழியின்றிப் பலகைக்குள்ளேயே புகுகிறது. அந்தத் தரை எத்தனை ஆண்டு நிற்கும் என்பது பெரும்பாலும் முதல் பலகை வைக்கப்படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

மிகப் பெரிய தவறு, கான்கிரீட் இறுகுவதையும் உலர்வதையும் ஒன்றாக எண்ணுவது. "28 நாள் ஆகிவிட்டது, தளம் தயார்" என்று கொத்தனார் சொல்வது பொய்யல்ல. அவர் சொல்வது வலிமையைப் பற்றி. அந்த வலிமைக்காகத்தான் நாள்தோறும் தண்ணீர் தேக்கி நனைத்தோம். அப்படி உள்ளே நின்ற தண்ணீர் வெளியேறுவதற்கு, காற்று நன்றாக இருந்தாலும், ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வேண்டும் என்பது கட்டுமானத் துறையினர் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. நான்கு அங்குலத் தளமானால் நான்கு மாதம். அதற்கிடையில் ஆனி ஆடிச் சாரலோ ஐப்பசி அடைமழையோ வந்துவிட்டால் இன்னும் கூடும். என் உறவினர் ஒருவரின் வீட்டில் சித்திரை மாதம் பதித்த தேக்குப் பலகைகள் ஆடிக்குள் விளிம்பு உயர்ந்து, நடுவில் பள்ளம் விழுந்து, ஓடு கவிழ்க்காமல் மல்லாத்தி அடுக்கியது போல ஆகிவிட்டன. மரத்தை விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். மூலையில் ஒரு பலகையைப் பெயர்த்துப் பார்த்தபோது அடிப்பக்கம் கையில் ஒட்டும் அளவுக்கு ஈரமாக இருந்தது. அடிப்பக்கம் ஈரமாகி விரிய, மேற்பக்கம் காய்ந்தே இருந்ததால் வந்த வளைவு அது. உயர்ந்த விளிம்புகளை உடனே இழைத்துச் சமமாக்கிவிட்டதுதான் இரண்டாவது பிழை: ஈரம் வற்றியதும் அதே பலகைகள் நடுவில் மேடாகிவிட்டன.

தளம் உலர்ந்துவிட்டதா என்று அறிவதற்கு எளிய வழி உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவுள்ள தெளிவான பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ, மூடிய இடத்தில் தளம் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் ஏறுகிறது என்று பொருள். ஓர் அறையில் ஓர் இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைவதும் தவறுதான். குளியலறைச் சுவரை ஒட்டிய பகுதி, வெளிச்சுவரின் மூலை, நடு அறை ஆகிய இடங்களில் தனித்தனியே பார்க்க வேண்டும். தாள் காய்ந்திருந்தது என்பதற்காக அடுத்த மழையிலும் காய்ந்திருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. தரைத்தளமாக இருந்தால், சோதனை எப்படி இருந்தாலும், 150 மைக்ரானுக்குக் குறையாத பாலித்தீன் தாளை ஒன்றின் மேல் ஒன்று அரையடியாவது ஏறும்படி விரித்து, சுவரோரம் சற்று மேலே மடக்கிவிட்டு, அதன் மேல்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பழைய வீடுகளில் கவனிக்க வேண்டியது ஓதம். அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு இல்லாமல் கட்டிய சுவர்களில் மண்ணின் ஈரம் மேலேறி, சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துப் பட்டி பார்த்து, புதுப் பெயிண்ட் அடித்துவிட்டு மரத்தரை போடுகிறவர்கள் நோயை மறைத்துவிட்டு விருந்துக்கு அழைக்கிறார்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, முற்றத்து மண் வீட்டின் பக்கம் சரிந்திருக்கிறதா என்பதை முதலில் பார்த்துத் திருத்த வேண்டும். குளியலறைக் குழாய்க் கசிவும் சாரல் உள்ளே அடிக்கும் சன்னலும் இதே கணக்கில் சேரும்.

அடுத்தது மரம். வெயிலில் நன்றாகக் காய்ந்த பலகை என்று வாங்கி வந்தவுடன் பதித்துவிடுகிறார்கள். மரம் ஒருமுறை காய்ந்து அதோடு நின்றுவிடும் பொருள் அல்ல. சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப எப்போதும் வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. 30 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால் மரத்தின் ஈரம் 15 முதல் 16 விழுக்காட்டில் நிற்கும். 50 விழுக்காடாக இருந்தால் 9 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். தேக்கு மற்ற பல மரங்களைவிடக் குறைவாகவே அசையும். ஆயினும் ஈரம் 4 விழுக்காடு கூடினால், சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகைகள் பரப்பிய பத்தடி அகல அறையில், எல்லாப் பலகைகளின் விரிவும் சேர்ந்து 20 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். கதவுப் பலகை மழையில் உப்பினால் கதவு இறுகும், அவ்வளவே. நான்கு சுவர்களுக்கிடையே அகப்பட்ட தரை உப்பினால் மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே, எந்த அறையில் பதிக்கப்போகிறோமோ அந்த அறைக்குள்ளேயே பலகைகளைக் கொண்டுவந்து, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஒரே கனமுள்ள சிறு ரீப்பர் துண்டுகளை வைத்து, காற்றுப் புகும்படி அடுக்க வேண்டும். கார் நிறுத்தும் இடத்தில் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பது பலகையை வீட்டுக்குப் பழக்குவது ஆகாது. எத்தனை நாள் என்ற கேள்விக்கு நாள்கணக்கில் விடை சொல்வதைவிட, ஈரமானியால் சில நாள் இடைவெளியில் அளந்து, எண் மாறாமல் நின்றபின் பதிப்பதே சரி. ஆசாரியிடம் ஈரமானி இல்லையென்றால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மரத்துக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு. ஏசி போடப்போகும் படுக்கையறையானால், ஏசியைப் பிந்தி மாட்டிக்கொள்ளலாம் என்று விடாமல், அதை மாட்டி, வழக்கம்போல் ஓட்டியபடியே பலகையை அடுக்கிவைக்க வேண்டும்.

சுவரோரம் 12 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது இந்த விரிவுக்காகத்தான். அகலமான கூடத்துக்கு அதுவும் போதாது. நடுவிலும் இடைவெளி திட்டமிட வேண்டும். பார்க்க நன்றாக இல்லையென்று அந்த இடைவெளியைச் சிமெண்ட் கலவையால் அடைத்துவிட்ட வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அதை மறைப்பது ஓரப்பட்டையின் வேலை. அந்தப் பட்டையையும் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அல்ல.

மட்டத்தைப் பற்றிய குழப்பம் ஒன்று உண்டு. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றால் போதும் என்று நினைக்கிறார்கள். மரத்தரைக்கு அதைவிட முக்கியமானது மேடுபள்ளம் இல்லாமை. பத்தடி நீளத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால், அந்த இடத்தில் பலகை நடக்கும்போது அமுங்கிக் கிறீச்சிடும். நேரான நீண்ட மட்டப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்து, ஒளி தெரியும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, மேட்டைத் தேய்த்தும் பள்ளத்தை நிரப்பியும் சரிசெய்ய வேண்டும். நிரப்பிய கலவையும் ஈரந்தான், அதுவும் உலர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

ரீப்பர், பிளைவுட், பலகை எல்லாம் சேர்ந்து தரை இரண்டு அங்குலம்வரை உயரலாம். கதவின் அடியை அறுக்க வேண்டியிருக்கும். அதைவிட ஆபத்தானது மாடிப்படி: கீழ்த்தரை உயர்ந்துவிட்டால் முதல் படி மட்டும் குட்டையாகி, வயதானவர்கள் இறங்கும்போது கால் இடறும். படிகளைக் கட்டும்போதே கொத்தனாரிடம் இறுதித் தரை உயரத்தைச் சொல்லிவிட வேண்டும். பிளைவுட் விரிப்பதாக இருந்தால், ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710 தரத்ததாக இருக்கட்டும்.

கரையானுக்கு எதிரான மருந்தைத் தரை பதித்தபின் நினைத்துப் பயனில்லை. கட்டிமுடித்த வீடுகளுக்கான ஐ.எஸ். 6313 தரத்தின் மூன்றாம் பகுதி, சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஏறத்தாழ ஓர் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளையிட்டு மருந்து செலுத்தச் சொல்கிறது. பலகைக்கு அடியில் போய்விட்டால் அந்த இடத்தை எவரும் எட்ட முடியாது. நம் பகுதியில் வீட்டுக்கு ஒரு கிணறு உண்டு. மருந்து கிணற்று நீரில் கலந்துவிடாதபடி, அது எங்கே இருக்கிறது என்பதை மருந்து அடிக்க வருபவரிடம் முன்பே காட்டிவிடுங்கள். தேக்கைக் கரையான் தொடாது என்ற நம்பிக்கை, சேகு எனப்படும் வைரம் பாய்ந்த உட்பகுதிக்கு மட்டுமே பொருந்தும். ஆசாரிமார் வெள்ளை என்று சொல்லும் வெளிப்பகுதியைக் கரையான் தயங்காமல் தின்னும். ரப்பர் மரத்துக்கு இயல்பான எதிர்ப்பே கிடையாது; மருந்தேற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, பால் காய்ப்பு என்னும் புதுமனை புகுவிழா. முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, அதற்குள் தரை முடிந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் மேலே சொன்ன தவறுகள் பலவும் நடக்கின்றன. தளம் உலரக் காத்திருப்பதில்லை, பலகைக்கு அவகாசம் தருவதில்லை, பெயிண்ட் வேலையும் மரவேலையும் ஒரே நாளில் நடக்கின்றன. அன்றைக்கு வீட்டில் பசு வரும், அடுப்பில் பால் பொங்கி வழியும், ஈர மாவில் கோலம் விழும், ஓமத்துக்குச் செங்கல்லும் மணலும் வரும். இவற்றில் எதையும் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்தச் சடங்குகளை வெறும் சிமெண்ட் தளத்தின் மேலேயே நிறைவாக நடத்திவிட்டு, குடியேறியபின், கோடை மாதங்களில் ஒவ்வோர் அறையாகக் காலிசெய்து மரத்தரை பதித்துக்கொள்ளலாம்.