சங்கப் பாடலைப் படிக்கும்போது தவறவிடக் கூடாதவை

சங்க இலக்கியம் படிக்கத் தொடங்கும் பலர், பாட்டைத் தொடுவதற்கு முன்பே உரைக்குப் போய்விடுகிறார்கள். சொல் புரியாதோ என்ற பயம். உரை கட்டாயம் வேண்டும்; குறுந்தொகைக்கு உ.வே.சா.வின் 1937 பதிப்பு இன்றும் நல்ல துணை. ஆனால் முதலில் பாட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் 4 முதல் 8 அடிகள்தான். அதில் தெரிந்த சொற்களே நிறைய இருக்கும்.

பெரிய தவறு, யார் பேசுகிறார் என்று கேட்காமல் படிப்பது. காதல் வாழ்வைப் பாடும் அகப்பாடலில் பேசுவது கவிஞர் அல்ல. தலைவியோ தோழியோ வளர்ப்புத் தாயான செவிலியோ, ஒருவர் இன்னொருவருக்குக் கேட்கும்படி பேசுகிறார். ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை 8ஆம் பாட்டைப் பாருங்கள். ஒருத்தி ஒருவனைப் பற்றிச் சொல்கிறாள்: வயலோர மாமரத்திலிருந்து உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊருக்குரியவன் அவன். எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டிலோ, நாம் கைகால் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை போல, மகனின் தாய் சொன்னபடி ஆடுகிறான்.

மனைவிக்கு அடங்கிய கணவனைப் பற்றிய கேலி என்று இதைக் கடந்துவிடலாம். பேசுவது பரத்தை, அதாவது மனைவியை விட்டு அவன் நாடிப்போன பெண், என்று தெரிந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. தலைவி தன்னைப் பழித்ததைக் கேட்டு, தலைவியின் பக்கத்தார் காதில் விழும்படி அவள் சொல்லும் பதில் இது. ‘தலைவி’ என்றோ ‘மனைவி’ என்றோ சொல்லாமல் ‘புதல்வன் தாய்’ என்கிறாளே, அந்த ஒரு சொல்லில் எவ்வளவு குத்தல், எவ்வளவு வலி! ஊர் பழிக்கும் ஒருத்தியின் பக்கம் நின்று கேட்க வைக்கிறது பாட்டு. இலக்கியம் படிப்பதில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது இதுதான்.

அப்புறம், இயற்கை வருணனையை அலங்காரம் என்று தாண்டிப் போகாதீர்கள். அந்த மாம்பழத்துக்காக மீன் ஒரு முயற்சியும் செய்யவில்லை. பழம் தானாக விழுந்தது. ‘நான் அவனை இழுக்கவில்லை, அவனாகவே வந்தான்’ என்ற வாதம் அதற்குள் இருக்கிறது. இயற்கைக் காட்சிக்குள் இப்படி வேறொரு பொருளை மறைத்துச் சொல்வதைத்தான் உள்ளுறை என்பார்கள். குறிஞ்சி, முல்லை என்று நிலங்களையும் அவற்றுக்குரிய காதல் நிலைகளையும் வகுக்கும் திணை அட்டவணையை மனப்பாடம் செய்வதால் மட்டும் இது பிடிபடாது.

யார் யாரிடம் சொன்னது என்று பாட்டோடு வரும் கூற்றுக் குறிப்பையே முடிந்த முடிவாகக் கொள்வதும் சரியல்ல. அது கவிஞர் எழுதியதல்ல, பிற்காலத்தவர் சேர்த்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. குறிப்பை மறைத்துவிட்டுப் படித்து, பேசுவது யார், கேட்பது யார் என்று நீங்களே முடிவு செய்து பாருங்கள். உங்கள் முடிவு குறிப்போடு ஒத்துப்போகாவிட்டால், எந்தச் சொல் உங்களை அப்படி நினைக்க வைத்தது என்று தேடுங்கள்.